கடைசி பஸ் எத்தனை மணிக்கு? செட்டிநாட்டில் ஐந்து நாள்

முதல் நாள், வெள்ளி

பல்லவன் ரயில் தாம்பரம் தாண்டியதும் தோழி கேட்டாள்: "பந்து பாக்கவா இவ்வளவு தூரம் வர்றே? எங்க ஊருக்கு எல்லாரும் வீடு பாக்கத்தான் வருவாங்க."

உண்மைதான். செட்டிநாடு என்றால் வீடு, பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், சாப்பாடு. அதையெல்லாம் நானும் பார்க்கத்தான் போகிறேன். ஆனால் என்னை ரயில் ஏற வைத்தது அவள் போனில் காட்டிய ஒரு நோட்டீஸ். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிறது அவளுடைய ஊர். பெயர் போட வேண்டாம் என்று அவளுடைய ஐயா சொல்லிவிட்டார், அதனால் ஊர் என்றே எழுதுகிறேன். பொங்கலை ஒட்டி அங்கே வருஷா வருஷம் எழுவர் கால்பந்துப் போட்டி நடக்கிறது. மஞ்சள் தாளில் அச்சடித்த நோட்டீஸில் பரிசுத் தொகை, சுழற்கோப்பை, விதிமுறை, நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் எல்லாம் இருந்தன. கடைசியில் ஒரு வரி: "வெளியூர் ரசிகர்கள் கவனத்திற்கு: காரைக்குடிக்குக் கடைசிப் பேருந்து இரவு 9.10. அதற்குள் ஆட்டங்கள் முடிக்கப்படும்."

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். ஏன் என்று சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால், நான் ஆதரிக்கும் அணிக்கு வெளியூரில் ஆட்டம். எந்த அணி என்பது இங்கே முக்கியமில்லை. பதினாலு பேர் சேர்ந்து வேன் பிடித்து ராத்திரி முழுக்கப் போனோம். மைதானத்து வாசலில் இருந்த காவலாளி சொல்லித்தான் ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது எங்களுக்குத் தெரிந்தது. அணி நிர்வாகத்துக்கு முந்தின நாள் மதியமே தெரியும் என்று அப்புறம் கேள்விப்பட்டோம். சாயங்காலம் இரண்டு வரியில் அறிவிப்பு வந்தது, 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று. எங்களில் ஒருத்தர் மகளின் முதல் பிறந்தநாளை விட்டுவிட்டு வந்திருந்தார். நான் நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று இயந்திரம் பதில் போட்டது. மனிதர் யாரும் இன்று வரை பதில் போடவில்லை.

அன்றிலிருந்து ஒரு கால்பந்துக் கழகம் தன் ரசிகர்களிடம் எப்படிப் பேசுகிறது என்பதையே கவனித்து வருகிறேன். ஆட்டத்தைவிட அதைத்தான் அதிகமாகப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்வார்கள். அதில் என்னை ரொம்பவும் பாதித்தது 2021 ஏப்ரல் 18. ஞாயிற்றுக்கிழமை இரவு, ஐரோப்பாவின் 12 பெரிய கழகங்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு சூப்பர் லீக் தொடங்குவதாக அறிக்கை விட்டன. இங்கிலாந்தில் இருந்து மட்டும் ஆறு கழகங்கள்: ஆர்சனல், செல்சி, லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட், டாட்டனம். நூறு வருஷத்துக்கு மேல் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்த ரசிகர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களும் நம்மைப் போலவே போனைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். செவ்வாய்க்கிழமை செல்சி மைதானத்துக்கு வெளியே கூட்டம் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது. பழைய கோல்கீப்பர் பீட்டர் செக் அப்போது கழகத்தின் ஆலோசகர். அவர் தெருவுக்கு இறங்கி வந்து, கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று கூட்டத்தின் முகத்துக்கு நேராக நின்று கெஞ்சினார். அந்த ராத்திரிக்குள் ஆறு கழகங்களும் பின்வாங்கின. மறுநாள் காலையில் லிவர்பூல் உரிமையாளர் ஜான் ஹென்றி காணொளியில் வந்து மன்னிப்புக் கேட்டார்.

அந்த மூன்று நாளில் வந்த அறிக்கை எதுவும் எனக்கு நினைவில் நிற்கவில்லை. செக் தெருவில் நின்றது மட்டும் நிற்கிறது.

திருச்சியில் தயிர்சாதம் வாங்கினோம். புதுக்கோட்டை, திருமயம் தாண்டி, காரைக்குடியில் இறங்கியபோது நல்ல குளிர்.

இரண்டாம் நாள், சனி

காலையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும். ஆச்சி நின்றுகொண்டே பரிமாறினார். எத்தனை என்று எண்ணவில்லை.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். முகப்பில் இருந்து பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் கண் போகிறது. பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கிறது. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. முக்கால்வாசி பூட்டுதான். ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் கோலாலம்பூர், ஒருத்தர் சென்னை. சுவரைத் தடவிப் பார்த்தேன். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த பூச்சு, கன்னத்தைத் தொட்டது போல வழுவழுப்பு.

ஐயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. திண்ணையில் சாய்வு நாற்காலி. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி விசாரித்தார். பந்தாட்டம் பார்க்க வந்ததாகச் சொன்னேன். வேன் கதையையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கிளப்புல நீ புள்ளியா ஆத்தா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. ஒவ்வொரு குடும்பமும் இதில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தது. கல்யாணம் ஆனதும் அந்தத் தம்பதி கோயிலில் ஒரு புள்ளி. கல்யாணத்துக்குக் கோயிலில் இருந்து மாலை வரும். அப்புறம் புள்ளி வரி. ரங்கூனில் இருந்தாலும் பினாங்கில் இருந்தாலும் புள்ளி புள்ளிதான். வரி கட்டுகிறவருக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு, கூட்டத்தில் பேச உரிமை உண்டு, கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை நிர்வாகத்துக்கு உண்டு.

"நானும் பணம் கட்டுறேனே ஐயா. டிக்கெட் வாங்குறேன், சட்டை வாங்குறேன்."

"அது வரி இல்ல, கிரயம். சாமான் வாங்குனே, காசு குடுத்தே, முடிஞ்சுபோச்சு. புள்ளியா இருந்தாத்தான் ஆத்தா உன்கிட்ட கேப்பாக."

இத்தனை வருஷமாக நான் படித்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வரிசைக்கு வந்து நின்றது போல இருந்தது. ஜெர்மனியில் 50+1 என்று ஒரு விதி இருக்கிறது. 1998-இல் கழகங்கள் தங்கள் அணியைக் கம்பெனியாக மாற்றிக்கொள்ள அனுமதி கொடுத்தபோது கூடவே வந்தது. எவ்வளவு பெரிய முதலீட்டாளர் வந்தாலும் பாதிக்கு மேல் ஓட்டு கழகத்தின் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு. மற்றபடி வருஷத்துக்கு ஒரு பொதுக்கூட்டம், மேடையில் தலைவர், கீழே உறுப்பினர்கள், எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். ஐயாவின் கணக்கில் அவர்கள் எல்லாரும் புள்ளிகள். என் அணிக்கு நான் கிரயம் கொடுத்தவள்.

இதை ஐயாவிடம் சொன்னேன். "சர்மன்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார், ரொம்ப இயல்பாக.

சாயங்காலம் ஊருக்கு வெளியே இருக்கும் பொட்டலுக்குப் போனோம். சுற்றிலும் சவுக்குக் கட்டி, நான்கு மூலையில் விளக்குப் போட்டிருந்தார்கள். செம்மண் தரை, தண்ணீர் தெளித்தும் புழுதி அடங்கவில்லை. கூட்டம் நானூறு, ஐந்நூறு இருக்கும். சிறுவர்கள் கோட்டுக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். மைக்கில் இருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. "விழாக் குழுவின் சார்பாகப் பணிவுடன் கேட்டுக்கொள்வது என்னவென்றால், சிறுவர்கள் தயவுசெய்து கோட்டைத் தாண்டி அமரவும், பந்து பட்டால் விழாக் குழு பொறுப்பல்ல" என்று ஒரே மூச்சில் சொன்னான்.

முதல் அரையிறுதி ஒழுங்காக முடிந்தது. இரண்டாவது தொடங்கிப் பத்து நிமிஷத்தில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. ஆள் போய், டீசல் வந்து, ஏதோ ஒரு குழாயைக் கழற்றி மாட்டி விளக்கு எரிந்தபோது மணி எட்டரையைத் தாண்டிவிட்டது. இப்படியே ஆடினால் 9.10-க்குள் முடியாது.

அப்போது நடந்ததைத்தான் இன்று முழுக்க எழுத நினைத்தேன்.

மைக் பையன் சொன்னான்: "காரைக்குடி, கோட்டையூர், புதுவயல் பக்கம் போறவங்க எல்லாம் கொஞ்சம் கையத் தூக்குங்க." நூறு கைக்கு மேல் எழுந்தன. குழுவில் ஒருத்தர் எண்ணினார், நிஜமாகவே விரல் விட்டு எண்ணினார். அப்புறம் மைக்கில் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, மீதி ஆட்டத்தை நாளைக்கு மதியம் வைப்பது. இன்னொன்று, பாதிக்கு இருபது நிமிஷம் என்பதைப் பதினைந்தாகக் குறைத்து இப்போதே முடிப்பது. இரண்டு அணித் தலைவர்களையும் மைக் பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒரு அணியில் நாலு பேர் நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும் என்றார்கள். கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, நாளை மதியம் பக்கத்து ஊரில் இரண்டு கல்யாணம், யாரும் வர மாட்டார்கள் என்று கத்தினார். சரி, இப்போதே என்று முடிவானது. மொத்தம் ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

ஆட்டம் முடிந்தபோது மணி 9.05. குழுவில் இருந்து ஒரு பையன் முன்கூட்டியே ரோட்டுக்குப் போய் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தான். கண்டக்டர் கோபப்பட்டாராம், ஆனால் நின்றார்.

எனக்கு டார்ட்மண்ட் நினைவு வந்தது. 2017-18-இல் ஜெர்மனியின் முதல்தர லீக்கான பன்டஸ்லிகாவில் சில ஆட்டங்களைத் தொலைக்காட்சிக்காகத் திங்கட்கிழமை இரவுக்கு மாற்றினார்கள். வேலை நாள், ஊர் திரும்ப ரயில் இருக்காது. வெளியூர் ரசிகன் எப்படி வருவான்? 81,000 பேருக்கு மேல் கொள்ளும் டார்ட்மண்ட் மைதானத்தில் அந்தப் பிப்ரவரியில் ஆக்ஸ்பர்குக்கு எதிரான திங்கட்கிழமை ஆட்டத்துக்கு வந்தவர்கள் 54,300. மற்ற ஊர்களில் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் எறிந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், 2021-22-இல் இருந்து திங்கட்கிழமை ஆட்டம் கிடையாது என்று லீக் அறிவித்தது. எண்ணிப் பார்க்கும் அந்த விரல்கள் முதலிலேயே இருந்திருந்தால் டென்னிஸ் பந்துக்கு வேலை இருந்திருக்காது.

மூன்றாம் நாள், ஞாயிறு

இறுதி ஆட்டம் சாயங்காலம். பகலில் சும்மா இருக்க முடியாமல் விழாக் குழுவைத் தேடிப் போனேன். அவர்களுக்கு அலுவலகம் கிடையாது, பஸ் நிறுத்தத்து டீக்கடைதான். கடைக்காரர் குழுவின் பொருளாளர். நாற்பது வயது இருக்கும். நான் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் ஏழு பேர் வந்து அவரிடம் சண்டை போட்டார்கள். நடுவர் சரியில்லை, எங்கள் தெருவுக்கு ஸ்பீக்கர் கேட்கவில்லை, பேனரில் எங்கள் அப்பா பெயர் சின்னதாக இருக்கிறது. டீ ஆற்றிக்கொண்டே ஒவ்வொருத்தருக்கும் பதில் சொன்னார். பெயர் விஷயத்துக்கு மட்டும், "தப்புதான்ணே, அடுத்த வருஷம் பெருசாப் போட்டுருவோம்" என்றார்.

ஐரோப்பாவில் இந்த வேலைக்கு ஒரு பதவியே வைத்திருக்கிறார்கள். 2012-13 பருவத்தில் இருந்து, ஐரோப்பியப் போட்டிகளில் ஆட உரிமம் வேண்டும் என்றால் ரசிகர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ள ஒரு அலுவலரைக் கழகம் நியமிக்க வேண்டும் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ விதி வைத்தது. ஜெர்மனியில் அதற்கு முன்பே இருந்த பழக்கம் அது. அந்த ஆள் இரண்டு பக்கமும் பேச வேண்டும். நிர்வாகத்தின் முடிவை ரசிகனிடம் கொண்டு போவது பாதி வேலை. ரசிகனின் கோபத்தை நிர்வாகத்தின் மேசைக்குக் கொண்டு போவது மீதிப் பாதி. இந்த மீதிப் பாதியைச் செய்ய அந்த ஆளுக்குத் தைரியமும் வேண்டும், ஊரில் மதிப்பும் வேண்டும். டீக்கடைக்காரருக்கு இரண்டும் இருந்தன.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. வரவு இடது பக்கம், செலவு வலது பக்கம். மைக் செட், ஜெனரேட்டர் வாடகை, நடுவர் படி, பந்து மூன்று, பிளீச்சிங் பவுடர். தினமும் ராத்திரி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருப்பவர்கள்தான் பாதிப் பணம் கொடுத்தவர்கள். அவர்கள் தூங்கப் போகும் முன் கணக்கைப் பார்த்துவிடுகிறார்கள். நேற்றைய பக்கத்தில் 'டீசல் (ஜெனரேட்டர் நின்றதால் கூடுதல்)' என்று அடைப்புக்குறிக்குள் காரணத்தோடு எழுதியிருந்தார்.

இன்னொன்றும் சொன்னார். முதல் பரிசு இருபதாயிரம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். தருவதாகச் சொன்ன ஒருவரால் கடைசி நேரத்தில் தர முடியாமல் போய்விட்டது. பதினைந்துதான் இருந்தது. "என்ன செஞ்சீங்க?" என்றேன்.

"வியாழக்கெழமையே எல்லா டீமுக்கும் போன் போட்டுச் சொல்லிட்டோம்க்கா. வந்தப்புறம் சொன்னா ஏமாத்துனதா ஆயிரும். ரெண்டு டீம் வரலன்னு சொல்லிட்டாங்க. பரவால்ல."

கெட்ட செய்தியை முதலில் சொல்வதற்கு ஒரு விலை இருக்கிறது. அவர்கள் இரண்டு அணிகளை இழந்தார்கள். அதே செய்தியைத் தாமதமாகச் சொன்னாலும் விலை இருக்கிறது, அது பெரிய விலை. 2016 பிப்ரவரி 6, லிவர்பூல் மைதானம். அடுத்த பருவத்துக்கு, விரிவாக்கிய பிரதான பார்வையாளர் மாடத்தில் உயர்ந்தபட்ச டிக்கெட் 77 பவுண்டு என்று கழகம் அறிவித்திருந்தது. ரசிகர் பிரதிநிதிகளோடு அதற்கு முன்பே பேச்சுவார்த்தை நடந்தும், அவர்கள் சொன்னது ஏறவில்லை. சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77-ஆவது நிமிஷத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னணியில் இருந்தது. அவர்கள் போன பிறகு இரண்டு கோல் வாங்கி 2-2. நாலு நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உயர்ந்தபட்ச விலையைப் பழைய 59 பவுண்டிலேயே நிறுத்தினார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும் தங்கள் அணியை விட்டு வெளியே நடப்பது ஒரு ரசிகனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று ரசிகனுக்குத்தான் தெரியும். பத்தாயிரம் பேர் அதைச் செய்தார்கள் என்றால், உள்ளே இருந்தவரை அவர்கள் பேசியது எதுவும் கேட்கப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

சாயங்காலம் பொட்டல் நிரம்பிவிட்டது. பின்னால் நின்றவர்களுக்குப் பந்தே தெரியவில்லை. மைக் பையன் ஒவ்வொரு நகர்வையும் சொல்லிக்கொண்டே இருந்தான். டார்ட்மண்டில் அறிவிப்பாளர் கோல் போட்டவரின் முதல் பெயரை மட்டும் சொல்வார், மைதானம் முழுக்க மீதிப் பெயரைக் கத்தும். இங்கே பையன் "கோல் அடித்தவர்..." என்று இழுத்தான். ஊர் மொத்தமும் கோல் அடித்தவனுடைய வீட்டுப் பட்டப்பெயரைச் சொல்லிக் கத்தியது. அது என்ன பட்டப்பெயர் என்று எழுதினால் அவன் அம்மா வருத்தப்படுவார்.

பந்து தெரியாமல் நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1911 ஜூலை 29 நினைவுக்கு வரும். கல்கத்தாவில் மோகன் பகான், ஒருத்தரைத் தவிர எல்லாரும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்து ஐஎஃப்ஏ கேடயம் வென்ற நாள். கூட்டம் அவ்வளவு. தூரத்தில் நின்றவர்களுக்கு ஆட்டம் தெரியவில்லை என்று, கோல் விழ விழக் காற்றாடி ஏற்றி எண்ணிக்கையைத் தெரிவித்தார்களாம். பார்க்க முடியாதவனையும் ஆட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

இறுதி ஆட்டம் சமன். பெனால்டியில் திருமயம் பக்கத்து அணி வென்றது. 8.50-க்குக் கோப்பை கொடுத்தாயிற்று. பஸ்ஸைப் பிடித்து நிறுத்த வேண்டிய அவசியம் இன்று வரவில்லை.

ராத்திரி வளவில் படுத்துக்கொண்டு தோழிக்கு, இந்தியக் கால்பந்து அணித் தலைவராக இருந்த சுனில் சேத்ரி கதையைச் சொன்னேன். 2018 ஜூனில் மும்பையில் இந்திய அணி ஆடியது. முதல் ஆட்டத்தில் சீன தைபேயை 5-0 என்று வென்றபோது அரங்கம் காலியாகக் கிடந்தது. மறுநாள் சேத்ரி ஒரு காணொளி போட்டார். திட்டுங்கள், விமர்சியுங்கள், எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கேட்டார். ஜூன் 4, கென்யாவோடு ஆட்டம், அவருடைய நூறாவது சர்வதேசப் போட்டி. டிக்கெட் அத்தனையும் விற்றுவிட்டது. மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விளம்பரத்துக்குச் செலவழித்த பணம் செய்யாததை ஒருவர் நேராகப் பேசியது செய்தது. தோழி பாதியிலேயே தூங்கிவிட்டாள்.

நான்காம் நாள், திங்கள்

ஆத்தங்குடி. கல் போடுகிற கூடம் ஒன்றில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமென்ட் மணல், அதற்கு மேல் ஈரச் சாந்து. அப்புறம் தண்ணீர்த் தொட்டி, வெயில். கண்ணாடியில் இருந்து பிரிக்கும்போது வருகிற பளபளப்பு வேறு எதிலும் வராது.

கல் போடுபவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். பழைய வீட்டுக்கு உடைந்த கல்லை மாற்ற வந்தால் நீங்களே நிறம் பார்த்துப் போட்டுவிடுவீர்களா? "அது எப்படிம்மா? ஒரு கல்லப் போட்டுக் காமிச்சு, வீட்டு ஆளுக சரின்னு சொன்னாத்தான் மிச்சம். அவுக கண்ணுல ஐம்பது வருஷமா ஒரு செவப்பு இருக்கும்ல."

கார்டிஃப் சிட்டி 1908-இல் இருந்து நீலச் சட்டைக் கழகம், செல்லப் பெயரே நீலப்பறவைகள். 2012-இல் மலேசிய உரிமையாளர் வின்சென்ட் டான் சட்டையைச் சிவப்பாக்கினார். ஆசியாவில் சிவப்பு ராசி, வியாபாரம் நடக்கும் என்றார்கள். அடுத்த வருஷமே அணி பிரீமியர் லீக்குக்கு முன்னேறியது. அப்படியும் ரசிகர்கள் நீலத் துண்டைக் கழற்றவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது. வெற்றி கிடைத்தும் அந்தச் சிவப்பை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், அவர்கள் நம்ப மாட்டார்கள். கல் போடுபவர் நம்பினார்.

லீட்ஸ் யுனைடெட் கதை வேறு மாதிரி. 2018 ஜனவரியில் புதுச் சின்னம் வெளியிட்டது, நெஞ்சில் கை வைத்து வணங்கும் ஒரு உருவம். பத்தாயிரம் பேரிடம் கருத்துக் கேட்டோம் என்றது கழகம். வெளியான சில மணி நேரத்தில் எதிர்ப்பு மனுவில் பல்லாயிரம் கையெழுத்து. சின்னம் கைவிடப்பட்டது. கேட்டோம் என்றார்களே, பிறகு ஏன்? என்ன வேண்டும் என்று கேட்பது ஒன்று. செய்து முடித்த கல்லைக் கண்ணெதிரே வைத்து, இது சரியா என்று கேட்பது இன்னொன்று. ஆத்தங்குடியில் இரண்டாவதைச் செய்கிறார்கள்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2020-இல் மோகன் பகான் இந்தியன் சூப்பர் லீக்குக்குள் (ஐஎஸ்எல்) வந்தபோது, அதோடு இணைந்த இன்னொரு கல்கத்தா கழகத்தின் பெயரான ஏடிகே பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. 1889-இல் தொடங்கிய கழகம். ரசிகர்கள் மூன்று வருஷம் விடாமல் அந்த மூன்று எழுத்தை எடு என்று பதாகை பிடித்தார்கள். 2023 மார்ச்சில் கோப்பை வென்ற இரவில் உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா அதை எடுப்பதாக அறிவித்தார். அன்று ராத்திரி நான் அந்தக் கழகத்தின் ரசிகை இல்லாமலே அழுதேன்.

இங்கிலாந்தில் இப்போது சட்டமே வந்துவிட்டது. 2025-இல் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டத்தின்படி முக்கியமான விஷயங்களில் கழகங்கள் ரசிகர்களைக் கலந்துகொள்ள வேண்டும். சின்னத்தையும் சட்டை நிறத்தையும் மாற்ற அவர்களின் ஆதரவு வேண்டும். சூப்பர் லீக் அறிக்கை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை இரவில் தொடங்கியது, நாலு வருஷம் கழித்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

கூடத்தில் இருந்து நாலு கல் வாங்கினேன். பையில் கனம் தாங்கவில்லை.

ஐந்தாம் நாள், செவ்வாய்

நாட்டரசன்கோட்டை. பொங்கலுக்கு அடுத்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்னால் நகரத்தார் வைக்கும் செவ்வாய்ப் பொங்கல். ஐயாவும் காரில் வந்தார். வெளிநாட்டில் இருந்தெல்லாம் வந்திருந்தார்கள். முதல் பானை யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். பணக்காரர், ஏழை, பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர், போன மாதம் கல்யாணம் ஆன ஜோடி, எல்லாப் புள்ளியும் அந்தக் குடத்துக்குள் ஒரே அளவு சீட்டுதான்.

வரிசை வரிசையாக அடுப்பு, புகை, கண்ணெரிச்சல். ஐயா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர் போனவரையெல்லாம் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் நின்றபடி லண்டனின் விம்பிள்டன் கால்பந்துக் கழகத்தின் கதையைச் சொன்னேன். 2002-இல் அந்தக் கழகத்தை சுமார் தொண்ணூறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மில்டன் கீன்ஸுக்குக் கொண்டு போக அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் கூடவே போகவில்லை. சில வாரத்தில் தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதுக் கழகம் தொடங்கி, விம்பிள்டன் பொதுத்திடலில் ஆட்டக்காரர்களைத் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். அடிமட்ட லீக்கில் இருந்து ஏறி வந்து, 2020 நவம்பரில் சொந்தப் பேட்டையான பிளௌ லேனில் புது மைதானம் திறந்தார்கள். இன்றும் கழகம் ரசிகர்களின் அறக்கட்டளை கையில்தான் இருக்கிறது.

ஐயா கேட்டார்: "சாமியத் தூக்கிட்டுப் போயிட்டாக. இவுக புதுசா ஒண்ணு பிரதிட்டை பண்ணிக்கிட்டாக. அப்படித்தானே?"

அப்படித்தான் என்றேன்.

பொங்கல் சாப்பிட்டு, கம்பர் சமாதியைப் பார்த்துவிட்டு, காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். தோழி இன்னும் இரண்டு நாள் இருக்கிறாள். நான் மட்டும் சென்னை பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். இதை எழுதுவது அங்கே இருந்துதான், ஒரு பெஞ்சில், காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல் இருக்கும் பை.

போன் அதிர்ந்தது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் டீக்கடைக்காரர் என்னையும் சேர்த்திருக்கிறார். கடைசிக் கணக்குப் பக்கம் வந்திருந்தது, மீதி 1,340 ரூபாய். அதற்குக் கீழே அவருடைய குரல் செய்தி: "அடுத்த வருஷம் போட்டிய சனி ஞாயிறுலயே வைக்கலாமா, இல்ல மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளே வச்சுரலாமா? எல்லாரும் சொல்லுங்க. மெட்ராஸ் அக்கா, நீங்களும் சொல்லுங்க, உங்களுக்கு ரயிலு இருக்கணும்ல."

பஸ் வந்து நின்றது. படியில் ஏறிக்கொண்டே சனி, ஞாயிறு என்று பதில் அடித்தேன். இடம் தேடி உட்காருவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது: "சாயங்காலம் எத்தன மணிக்கு ஆரம்பிச்சா உங்களுக்குத் தோது?"